மணிக்கட்டு நொறுங்கினால்: வன்னியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலபோகத்துக்கு முதல் மழை விழுந்தால் போதும், எங்கள் இயன்மருத்துவப் பகுதியின் வாங்கில் கையைக் கழுத்தில் தொங்கவிட்ட ஆட்கள் ஒவ்வொருவராக வந்து உட்காரத் தொடங்கிவிடுவார்கள். வரம்பில் வழுக்கியவர், இருட்டில் நடுவீதியில் படுத்திருந்த மாட்டில் மோட்டார் சைக்கிளை ஏற்றியவர், பனையால் விழுந்தவர், கிணற்றடிப் பாசியில் கால் சறுக்கிய அம்மா. வெட்டித் தைப்பது டொக்டர்மாரின் வேலை. அதற்குப் பிறகு அந்த விரல்களை மடக்க வைப்பது என் வேலை. கையைப் பிடித்து மடக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் சனம் மனம் விட்டுக் கேட்கும். அப்படிக் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வருபவை இவை.

எக்ஸ்றேயைப் பார்த்துவிட்டு "இது சிக்கலான முறிவு" என்றார்கள். உடைந்தால் உடைந்ததுதானே, அதில் என்ன சிக்கல்?

முன்கையில் இரண்டு எலும்புகள். பெருவிரல் பக்கம் இருப்பது ஆரை, சின்னவிரல் பக்கம் இருப்பது அரந்தி. இவற்றின் நுனியில் எட்டுச் சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கையை ஊன்றும்போது வரும் பாரத்தில் ஐந்தில் நாலு பங்கை ஆரைதான் தாங்குகிறது. ஆகவே விழும்போது முதலில் உடைவதும் அதன் நுனிதான்.

மூட்டுக்குச் சற்று மேலே குறுக்காக ஒரே கோடாக உடைந்து, நுனி பின்பக்கம் சாய்ந்திருந்தால் அது சாதாரண வகை. டப்ளினில் இருந்த ஏப்ரகாம் கொலிஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1814 இல் இதைப் பற்றி எழுதினார். எக்ஸ்றே கண்டுபிடிக்கப்பட்டது 1895 இல். எலும்பைக் கண்ணால் பார்க்காமல், கையைத் தடவிப் பார்த்தே அவர் கண்டுபிடித்துவிட்டார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான்.

வெடிப்பு மூட்டுக்குள்ளேயே ஓடியிருந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. எலும்பு மூன்று நாலு துண்டாகப் போயிருக்கலாம். அரந்தியோடு சேரும் இடம் விலகியிருக்கலாம், சின்ன எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் நார்கள் அறுந்திருக்கலாம், தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்திருக்கலாம். மூட்டின் முகப்பில் நுங்குபோல வழுவழுப்பான ஒரு குருத்தெலும்புப் படலம் இருக்கிறது. அந்த முகப்பில் ஒரு துண்டு மேலேயும் அடுத்த துண்டு கீழேயுமாகப் படி விழுந்து அப்படியே பொருந்திவிட்டால், ஒவ்வொரு அசைவுக்கும் அது தேயும். எவ்வளவு படி கூடாது என்று கேட்டால், கணக்கு 2 மில்லிமீற்றர். ஒரு நெல்மணியைப் படுக்க வைத்தால் என்ன தடிப்போ ஏறக்குறைய அவ்வளவுதான். 1986 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அந்த அளவுக்குப் படி விட்டுப் பொருந்திய இளவயதினரின் மணிக்கட்டுகளில் பின்னாளில் மூட்டுத் தேய்வு வந்ததைக் காட்டியது. அன்றிலிருந்து அந்த நெல்மணிக் கணக்கு எலும்பு டொக்டர்களின் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கை எவ்வளவு கோணலாகத் தெரிகிறது என்பது இதில் பெரிதாகக் கணக்கில்லை. பார்க்கப் பயங்கரமாக வளைந்த கை இழுத்து வைத்ததும் நேராகிவிடும். பார்க்க நல்லாயிருக்கும் கைக்குள் மூட்டு நொறுங்கிக் கிடக்கும். அதனால்தான் எக்ஸ்றேயோடு நிறுத்தாமல் சிலருக்கு சீ.ரி. ஸ்கானும் எடுக்கிறார்கள்.

லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணும்போது ஹாண்டில் திருப்பி அடித்தது. பெருவிரல் பக்கம் வீக்கம். சுளுக்குத்தானே?

இருக்கலாம். ஆனால் நான் நம்பமாட்டேன், எக்ஸ்றே பார்க்கும்வரை.

இந்த அடிக்கென்றே ஒரு முறிவு இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் கார்களையும் முன்னால் நின்று ஹாண்டில் சுற்றித்தான் உயிர்ப்பித்தார்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் சாரதியின் ஆரை எலும்பில் பெருவிரல் பக்க மூலை அப்படியே பிளந்துபோகும். "சாரதி முறிவு" என்றே அதற்குப் பெயர் வந்தது. வெளிநாட்டில் அந்தக் கார்கள் காட்சிச்சாலைக்குப் போய்விட்டன, எங்கள் வயல்களில் ஹாண்டில் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

பிளந்த துண்டு மூட்டு முகப்பின் ஒரு பகுதி. அதில் முக்கியமான நார்கள் கட்டியிருக்கின்றன. துண்டு விலகியிருந்தால் ஒன்றிரண்டு திருகாணியோ கம்பியோ போட்டு இருந்த இடத்தில் வைக்க வேண்டும். சின்ன எலும்புகளுக்கிடையில் நார் அறுந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கேட்டதோடு இதையும் கேளுங்கள்: ஹாண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரலைச் சுற்றிப் பிடிக்க வேண்டாம். மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். திருப்பி அடித்தாலும் கை வழுகி விடும்.

முறிவு நெரிவு பார்க்கிற பரியாரியாரிடம் எண்ணெய் போட்டுக் கட்டினால் போதாதா? என் அப்பாவுக்கு அப்படித்தான் சுகமானது.

உங்கள் அப்பாவுக்குச் சுகமானதை நான் மறுக்கவில்லை. விலகாத முறிவு, மூட்டுக்குள் போகாத முறிவு, இவை அசையாமல் வைத்தால் தானே பொருந்தும். பாரிஸ் சாந்தும் செய்வது அதைத்தான். வைத்தியசாலைக்குப் போக வழியே இல்லாதிருந்த காலத்தில் எங்கள் சனத்தின் கைகால்களைப் பரியாரிமார்தான் பார்த்தார்கள், அந்த நன்றி எனக்கும் இருக்கிறது.

பிரச்சினை, எந்த முறிவு எந்த வகை என்பதை வெளியே தடவிப் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது என்பதுதான். விதைப்பு நேரத்தில் விழுந்த ஒருவர் ஐந்து கிழமை பத்துப் போட்டுவிட்டு வந்தார். வலி குறைந்திருந்தது, வீக்கமும் வற்றியிருந்தது. "கோயிலில் தீர்த்தம் வாங்க ஏலாமல் இருக்கு" என்பதுதான் அவர் சொன்ன முறைப்பாடு. உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னேன். முழங்கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு அவர் திருப்பியபோது, கை பாதிவழியில், கைகுலுக்க நீட்டியது மாதிரி நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு நூல்கூடத் திரும்பவில்லை. ஆரை குறுகி, அரந்தி நீண்டு நிற்பதுபோல ஆகி, இரண்டும் ஒன்றையொன்று சுற்றும் இடம் இறுகிவிட்டது. எலும்பு கோணலாகவே ஒட்டிவிட்டதால் அதைத் திரும்ப அறுத்து, நிமிர்த்தி, இடுப்பெலும்பில் துண்டெடுத்து இடைவெளியை நிரப்பி, பிளேட் என்ற உலோகத் தகடு போட வேண்டி வந்தது. முதல் கிழமையே வந்திருந்தால் ஒரு மணித்தியால வேலை.

முதலில் எக்ஸ்றே எடுங்கள். "விலகவில்லை, கட்டினால் போதும்" என்று வந்தால் பிறகு எங்கே கட்டுவது என்று யோசிக்கலாம். ஒன்று மட்டும்: உடைந்த கையை யாரும் உருவிப் பிடிக்க விடாதீர்கள், இறுக்கிக் கட்டவும் விடாதீர்கள். இறுக்கத்தால் விரல் கறுத்து வந்த கைகளைப் பார்த்திருக்கிறேன். அது எலும்பு முறிவை விடப் பெரிய கேடு.

விழுந்தவுடன் வீட்டில் என்ன செய்யலாம்?

மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். அரை மணித்தியாலம் போனால் வீக்கத்தில் மோதிரம் இறங்காது, பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். தாலிக்கு அடுத்தபடி மோதிரத்தை வெட்டச் சம்மதிக்காமல் அழும் அம்மாமாரை நிறையக் கண்டிருக்கிறேன்.

கையை நேராக்க முயலாதீர்கள். இருக்கிற கோலத்திலேயே, முன்கையின் கீழே மடித்த பத்திரிகையையோ காய்ந்த பனை மட்டைத் துண்டொன்றையோ வைத்து, துணியால் தளர்வாகச் சுற்றி, துவாயால் கழுத்தில் தொங்கவிடுங்கள். காயம் இருந்தால் சுத்தமான துணியால் மூடி அழுத்துங்கள். மஞ்சள், கோப்பித்தூள், மண்ணெண்ணெய் ஒன்றும் வேண்டாம். வயல் சேறும் களப்புத் தண்ணியும் பட்ட காயத்தோடு எலும்பு உடைந்திருந்தால் அது அவசரத்திலும் அவசரம். கிருமிகொல்லி மருந்தும் ஏற்பு ஊசியும் விரைவாக ஏற வேண்டும், காயத்தைத் தியேட்டரில் வைத்துக் கழுவ வேண்டும். 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

விரல்கள் குளிர்ந்து வெளிறினாலும், விறைத்து உணர்வில்லாமல் போனாலும், விரலை யாராவது நீட்டினாலே உயிர் போகிற வலி எடுத்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பெருவிரலிலிருந்து மோதிர விரல் வரை மரத்துப்போனால் மணிக்கட்டின் நடுவால் ஓடும் நரம்பு நசிகிறது என்று அர்த்தம்.

எக்ஸ்றேயில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாளாகியும் நோகிறதே?

பெருவிரலை நன்றாக விரித்து நீட்டுங்கள். அதன் அடியில், மணிக்கட்டோரம், இரண்டு தசைநாண் கயிறுகளுக்கிடையில் ஒரு குழி விழும். அந்தக் குழிக்குள் மற்றக் கையின் விரலால் அழுத்துங்கள். சுரீரென்று நோகிறதா? அப்படியென்றால் திரும்பப் போய் இன்னொரு எக்ஸ்றே எடுக்க வேண்டும்.

அந்தக் குழிக்குக் கீழேதான் ஸ்கபோயிட் என்ற படகு வடிவச் சின்ன எலும்பு இருக்கிறது. அதில் விழுந்த வெடிப்பு முதல் நாள் எக்ஸ்றேயில் தெரியாமலே போகலாம். 10 முதல் 14 நாள் கழித்து எடுத்தால் தெரியும். அதனால் சந்தேகமிருந்தால் தெரியாவிட்டாலும் கட்டுப் போட்டுத் திரும்ப வரச் சொல்வார்கள். பலர் வருவதில்லை. அந்த எலும்புக்கு இரத்தம் நுனிப் பக்கத்திலிருந்து பின்னோக்கித்தான் ஓடுகிறது. நடுவில் உடைந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு இரத்தம் நின்று, அது ஒட்டாமலே கிடக்கும், சில வேளை உயிரற்றுப்போகும். விலகிய முறிவுக்குத் தலையில்லாத சின்னத் திருகாணி ஒன்றை எலும்புக்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள். சுருட்டு, பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது ஒட்டுவது இன்னும் மெதுவாகும். இதைச் சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஆனால் உண்மை.

எல்லோருக்கும் ஒப்பரேசன் கட்டாயமா?

இல்லை. முதலில் மரக்கச் செய்து, இழுத்து, நேராக்கி, பிளாஸ்டர் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு எடுக்கும் எக்ஸ்றேயில் மூன்று விடயம் பார்க்கப்படும். மூட்டு முகப்பில் படி 2 மில்லிமீற்றருக்கு மேலா, ஆரை 3 மில்லிமீற்றருக்கு மேல் குறுகிவிட்டதா, நுனி பின்பக்கம் 10 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்கிறதா. சாதாரணமாக அது உள்ளங்கைப் பக்கம்தான் 11 பாகையளவு சாய்ந்திருக்க வேண்டும். இவற்றில் ஏதாவது மீறினால், ஓடியாடி வேலை செய்யும் வயதினருக்கு ஒப்பரேசன் பற்றிப் பேசுவார்கள்.

வயதானவர்கள் விடயம் வேறு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு எக்ஸ்றே அழகாக வருவதும் கை நன்றாக வேலை செய்வதும் ஒன்றல்ல. அமெரிக்க எலும்பியல் நிபுணர்கள் 2020 இல் புதுப்பித்த வழிகாட்டலும், அந்த வயதில் ஒப்பரேசன் செய்தவர்களும் பிளாஸ்டரோடு விட்டவர்களும் நீண்ட நாளில் ஏறக்குறைய ஒரே நிலைக்குத்தான் வருகிறார்கள் என்கிறது. ஆகவே அம்மம்மாவின் கை சற்றுக் கோணலாக ஒட்டியிருக்கிறது என்று டொக்டரோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர் வெற்றிலை இடித்து, பேரப்பிள்ளைக்குத் தலை இழுத்துவிடுகிறார் என்றால் அந்தக் கை போதும். ஆனால் 70 வயதிலும் தோட்டம் கொத்தித் தனியே சீவிக்கிற அம்மம்மா என்றால் கணக்கு மாறும். அதை நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். கட்டிலில் படுத்திருப்பவரைப் பார்த்து, அவர் மண்வெட்டி பிடிப்பவர் என்று டொக்டருக்கு எப்படித் தெரியும்?

கம்பியா, பிளேட்டா? பிளேட்தான் நல்லது என்று ஊரில் சொல்கிறார்கள்.

ஊரில் பிளேட்டுக்கு ஒரு மவுசு இருக்கிறது, உண்மைதான். "உனக்குக் கம்பி மட்டுமா போட்டவை?" என்று பக்கத்துக் கட்டில்காரர் கேட்டால் முகம் வாடிவிடுகிறது.

கம்பி என்பது தோலுக்கு வெளியாலேயே, பெரிய வெட்டில்லாமல், துண்டுகளைக் குத்திப் பிடிக்கும் ஒன்றரை இரண்டு மில்லிமீற்றர் தடிப்பான உருக்குக் கம்பி. மேலே பிளாஸ்டர் போடுவார்கள். 4 முதல் 6 கிழமையில் கிளினிக்கிலேயே இழுத்து எடுத்துவிடலாம். எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டிருப்பவர்கள் "எடுத்தாச்சா?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான் வலி. பிரித்தானியாவில் 461 பேரை இரண்டாகப் பிரித்துக் கம்பியும் பிளேட்டும் போட்டு ஒப்பிட்ட ஆய்வு 2014 இல் வெளிவந்தது. ஒரு வருடத்தின் பின் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டியது, மூட்டு முகப்பை வெட்டித் திறக்காமலே நேராக்க முடிந்தவர்கள்தான் அந்த ஆய்வில் இருந்தார்கள். முகப்பு நொறுங்கியவர்களுக்கு அந்த முடிவு பொருந்தாது.

நொறுங்கியவர்களுக்குத்தான் பிளேட். மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கம், நாடி பிடித்துப் பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில், நீளவாக்கில் ஒரு வெட்டு. ஏன் உள்பக்கம் என்றால், புறங்கைப் பக்கம் விரல் நீட்டும் கயிறுகள் எலும்போடு ஒட்டியே ஓடுகின்றன, பிளேட் அவற்றை அராவும். உள்பக்கம் எலும்புக்கு மேல் ஒரு சதுரத் தசை பாய் விரித்ததுபோலக் கிடக்கிறது. 2000 ஆம் ஆண்டுக்குப் பிறகு பரவலாக வந்த பிளேட்டுகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திருகாணியின் தலையிலும் புரி, பிளேட்டின் ஓட்டையிலும் புரி. இரண்டும் பூட்டிக்கொள்வதால் எலும்பு உளுத்த மரம்போல இருந்தாலும் பிடி விடாது. முகப்பு உள்ளே அமுங்கியிருந்தால் அதை நெம்பித் தூக்கி, கீழே விழுந்த வெற்றிடத்தை எலும்புத் தூள் வைத்து நிரப்புவார்கள். எல்லாம் சீ-ஆம் என்ற நகரும் எக்ஸ்றேயில் பார்த்துப் பார்த்துச் செய்வது.

பிளேட்டாலும் பிடிக்க முடியாத அளவுக்குத் தூளாகிப் போனால், அல்லது காயம் அழுக்காகி இருந்தால், வெளியே கம்பிச் சட்டம் போடுவார்கள். கைக்கு வெளியே ஒரு கம்பம் தெரியும். கிட்டத்தட்ட 6 கிழமை இருக்கும். இன்னொரு வழி, புறங்கை எலும்பிலிருந்து முன்கை வரை பாலம் போல நீண்ட பிளேட் ஒன்றை வைத்து மூட்டையே தாண்டிவிடுவது. அதை மூன்று மாதமளவில் கழற்றியாக வேண்டும், அதுவரை மணிக்கட்டு மடங்காது.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ போனால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்புகிறார்கள். இதற்குள் கை பழுதாகிவிடாதா?

எலும்பு நிபுணர், சீ-ஆம், சரியான அளவுப் பிளேட், மயக்க மருந்து டொக்டர் எல்லாம் ஒரே நாளில் ஓரிடத்தில் சேர வேண்டும். இல்லாத இடத்தில் கிடந்து காத்திருப்பதைவிட அனுப்புவது நல்லது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏ-9 ஆல் போகும் நேரத்தில் கை பழுதாவதில்லை. பழுதாவது அதற்கு முன்னும் பின்னும் வீட்டில் இருந்துவிடும் நாட்களில்.

பிரித்தானியாவில் 2016 இல் வந்த வழிகாட்டல், மூட்டுக்குள் போன முறிவை 72 மணித்தியாலத்துக்குள்ளும் மற்றதை 7 நாளுக்குள்ளும் செய்யச் சொல்கிறது. எங்கள் பக்கம் அது இழுபட்டு ஒரு கிழமை, பத்து நாள் ஆகலாம். வீக்கம் வற்றட்டும் என்றும் சில வேளை காத்திருப்பார்கள். இரண்டு கிழமை வரை துண்டுகளை அசைக்கலாம். மூன்றாவது கிழமையில் புது எலும்பு பிடிக்கத் தொடங்கிவிடும், நாலாவது கிழமையில் திரும்ப உடைக்க வேண்டி வரும். ஆகவே திகதி கொடுத்தால் போங்கள். "அறுவடை முடியட்டும்", "அந்தியேட்டி முடியட்டும்" என்று தள்ளிப்போட வேண்டாம். பழைய எக்ஸ்றேயையும் கிளினிக் கொப்பியையும் சொப்பிங் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். அதை வீட்டில் விட்டுவிட்டுப் போய், திரும்ப முதலிலிருந்து தொடங்கியவர்கள் எத்தனையோ பேர்.

முழு மயக்கம் தருவார்களா?

தரலாம். பல நேரம் கழுத்தடியிலோ அக்குளிலோ ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்வார்கள். கை அன்றிரவு வரை உங்களுடையது அல்லாததுபோலத் தொங்கும், பயப்பட வேண்டாம். மரப்பு விடத் தொடங்கும் முன்பே வலிக் குளிசையைப் போட்டுவிடுங்கள். விட்டபிறகு போட்டால் ஒரு மணித்தியாலம் துடிக்க வேண்டி வரும்.

சீனி வருத்தம், பிரஷர் இருந்தால் முதலே சொல்லுங்கள். இரத்தத்தை ஐதாக்கும் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். சாப்பாடு 6 மணித்தியாலத்துக்கு முன்பே நிற்க வேண்டும். "ஒரு வாய் பிளேன்ரீதானே" என்று பால் விட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்து திகதியை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பால் சேர்ந்தால் அதுவும் சாப்பாட்டுக் கணக்குத்தான்.

ஒப்பரேசன் முடிந்தது. வீட்டில் என்ன கவனம்?

விரலை அசையுங்கள். இதைத்தான் நான் தொண்டை கிழியச் சொல்கிறேன். பிளாஸ்டருக்கு வெளியே தெரியும் ஐந்து விரல்களையும் அன்றைக்கே, மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது, முழுவதும் பொத்தி முழுவதும் விரிக்க வேண்டும். பெருவிரலால் மற்ற ஒவ்வொரு விரலின் நுனியையும் தொட வேண்டும். தோளையும் தூக்குங்கள். கையைத் துவாய்க்குள் வைத்துப் பத்திரப்படுத்தி, ஆறு கிழமை கழித்துத் தோள் உறைந்து வருபவர்களுக்கு மணிக்கட்டைவிடத் தோளுக்குத்தான் நான் அதிக நாள் வேலை செய்கிறேன்.

முதல் சில நாள் கை நெஞ்சைவிட உயரத்தில் இருக்கட்டும், படுக்கும்போது இரண்டு தலையணை. குளிக்கும்போது சொப்பிங் பையைக் கட்டிக்கொள்ளுங்கள். கம்பி வெளியே தெரிபவர்கள் குளத்தில் இறங்கவே வேண்டாம். கம்பியடியில் சிவந்து, ஊனம் வடிந்தால் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்காமல் உடனே காட்டுங்கள். தையல் 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள்.

அப்புறம், இன்னொன்று. சிலருக்கு எலும்பு நன்றாகப் பொருந்தியும் கை வீங்கி, தோல் மினுங்கி, வியர்த்து, காற்றுப் பட்டாலே எரியும். விரல்கள் மரக்கட்டையாகும். "நடிக்கிறாள்" என்று வீட்டில் சொல்வார்கள். நடிப்பில்லை, அது நரம்பு சார்ந்த ஒரு வருத்தம். விரைவாகக் கண்டால் மருந்தும் பயிற்சியுமாகத் திருப்பலாம்.

எனக்கு உடம்பில் யுத்தத்தில் பட்ட செல் (எறிகணை) துண்டு இருக்கிறது. பிளேட் போடலாமா?

போடலாம், ஒன்றுக்கொன்று பகையில்லை. கவனிக்க வேண்டியது எம்.ஆர்.ஐ ஸ்கான். மணிக்கட்டுப் பிளேட் பெரும்பாலும் டைட்டேனியமாகவோ காந்தம் பிடிக்காத உருக்காகவோ இருக்கும், அதோடு ஸ்கானுக்குப் போவதில் பெரிய தடையில்லை. செல் துண்டு இரும்பு. காந்தம் அதை இழுக்கும், கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ பக்கத்தில் இருந்தால் ஆபத்து. 2009 இல் பட்டது, இப்போது நோவில்லை என்று விட்டுவிடாமல் ஸ்கான் எடுப்பவரிடம் வாயால் சொல்லுங்கள். படிவத்தில் "உலோகம் உண்டா" என்று கேட்டிருப்பதைப் பலர் பல்லைப் பற்றி என்று நினைத்து "இல்லை" போடுகிறார்கள்.

ஒரு கால் பொய்க்கால். ஊன்றுகோலோடுதான் நடக்கிறேன். கை உடைந்தால்?

உங்களுக்கு மணிக்கட்டு ஒரு கால். அதை முதல் நாளே டொக்டரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் பிளாஸ்டரா ஒப்பரேசனா என்ற முடிவே அதனால் மாறலாம். உள்ளங்கையில் ஊன்றாமல் முன்கையை வைத்து ஊன்றும் தட்டுப் பிடித்த ஊன்றுகோல் இருக்கிறது. பொருந்தும் வரை அதைப் பாவிக்கலாம். இயன்மருத்துவப் பகுதியில் கேளுங்கள்.

எலும்பு ஒட்ட என்ன சாப்பிடுவது?

எலும்பு சூப் குடித்தால்தான் ஒட்டும் என்று ஒன்றுமில்லை, குடித்தால் கெடுதலும் இல்லை. முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, குரக்கன், முருங்கை இலை, தயிர், முட்டை, பருப்பு. கொய்யா கிடைத்தால் நல்லது. புகையை விடுங்கள்.

அம்மாவுக்கு 62 வயது. நின்ற இடத்தில் தடுக்கித்தான் விழுந்தார். அதற்குப் போய்க் கை உடையுமா?

உடைந்திருக்கிறதே. நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தால், மாதவிடாய் நின்ற பெண்களில், எலும்பு ஐதாகிவிட்டது என்பதற்கு அதுவே முதல் அடையாளமாக இருக்கலாம். கையைச் சரி செய்துவிட்டு மறந்துவிட்டால் அடுத்தது இடுப்பு. இடுப்பு உடைந்தால் படுக்கை. கை பொருந்தியதும் எலும்பின் அடர்த்தி பார்க்கும் பரிசோதனை, கல்சியம், விற்றமின் டி, தேவையானால் எலும்பைப் பலப்படுத்தும் மருந்து பற்றிக் கிளினிக்கில் நீங்களே தொடங்கிக் கேளுங்கள். கிணற்றடிப் பாசியையும் சுரண்டிவிடுங்கள்.

போட்ட பிளேட்டைக் கழற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம், ஆயுளுக்கும் இருக்கலாம். ஆனால் பெருவிரலை மடக்கும்போது உள்ளே கரகரவென்று அராவினால் காட்டுங்கள். பிளேட்டின் விளிம்பு கயிற்றைத் தேய்த்து, ஒருநாள் கயிறு அறுந்து, பெருவிரல் நுனி மடங்காமல் போகும். பிளேட் இல்லாதவர்களும் கேளுங்கள்: விலகாத முறிவுக்குப் பிளாஸ்டர் மட்டும் போட்டவர்களுக்கும், சில கிழமைகள் கழித்துப் பெருவிரலை நீட்டும் கயிறு திடீரென அறுவதுண்டு. "நேற்று நல்லாயிருந்தது, இன்று பெருவிரல் தூக்குதில்லை" என்று வருவார்கள்.

எப்போது வேலைக்குப் போகலாம்?

பிளேட் போட்டவர்கள் இரண்டு கிழமையில் கோப்பை தூக்கலாம், சட்டைப் பொத்தான் பூட்டலாம். மோட்டார் சைக்கிள் 6 முதல் 8 கிழமை, பிரேக்கை இறுக்கிப் பிடிக்க முடிந்த பிறகு. மண்வெட்டி, நெல் மூட்டை, வள்ளம் தள்ளுதல் எல்லாம் எக்ஸ்றேயில் ஒட்டியது தெரிந்த பிறகு, 12 கிழமையளவில். பிடியின் பலம் ஒரு வருடம் வரை கூடிக்கொண்டே போகும்.

என்னிடம் கை மடங்கும் பாகையை அளக்கும் கருவி இருக்கிறது, அளந்து எழுதவும் வேண்டும். ஆனால் அம்மாமாரிடம் நான் கேட்பது இடியப்ப உரலைப் பற்றித்தான். மா வெதுவெதுப்பாக இருக்கும்போது பிழிந்து பார்த்தீர்களா, எத்தனை தட்டு வந்தது? போன மாதம் ஒருவர் மூன்று தட்டு என்றார். இந்த மாதம் பதினொன்று, மிச்சத்தை மருமகள் பிழிந்தாளாம். கொப்பியில் அதையும் எழுதி வைத்தேன்.